பெட்டிக்கு மூக்கு வைத்த விஜயகுமாரி

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் விஜயகுமாரியின் தகரக் கொட்டகைக்குப் போனால், காரைக் காட்டுவதற்கு முன்னால் சுவரைப் பார்த்துவிட வேண்டும். பார் என்று அவர் சொல்லமாட்டார். நாம் பார்க்கிற வரைக்கும் வேலையைத் தொடமாட்டார், அவ்வளவுதான். மற்றவர்கள் பட்டமளிப்பு விழாப் படம் மாட்டுகிற உயரத்தில் வரிசையாக இருபத்திரண்டு வெள்ளைக் கர்ச்சீப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஸ்கெட்ச் பேனாவால் மாதமும் ஆண்டும். துவைத்தது ஒன்றுகூடக் கிடையாது. துவைத்துவிட்டால் அது வெறும் கர்ச்சீப்.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈ.சி.ஆரை ஒட்டிய சவுக்குத் தோப்பு ஒன்றில், மாதத்தின் முதல் ஞாயிறு காலை, கார்களைப் பிரித்து மாற்றிக் கட்டியவர்கள் கூடுவார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத பாகங்கள் எல்லாம் அன்றைக்கு வெளிச்சத்துக்கு வரும். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள்போல ஒருவர் வண்டியில் ஒருவர் குறை கண்டுபிடிப்பார்கள். கடைசியில் கர்ச்சீப் சோதனை. இஞ்சின் சூடானதும் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பை இரண்டு நிமிடம் பிடிப்பார்கள். பெட்ரோல் கூடுதலாக எரிந்தால் துணி கறுக்கும். அளவு சரியாக இருந்தால் வெறும் ஈரம்தான். யாருடைய துணி வெள்ளையோ அவர் அந்த மாதம் தலைநிமிர்ந்து இட்லி சாப்பிடலாம்.

அந்தப் பெருமை கார் வைத்திருப்பவருக்கு இல்லை, அதை ட்யூன் செய்தவருக்கு. அவருடைய ஸ்டிக்கர் காரின் பின்கண்ணாடியில் இடது மூலையில் இருக்கும். ஒரு காருக்கு ஒரே ஸ்டிக்கர் என்பது அங்கே எழுதாத சட்டம். இருபத்திரண்டு மாதங்களாக வெள்ளைத் துணி கொடுத்துவந்த ஷ்யாமின் 2003 மாடல் ஜென் காரில் இருந்தது விஜயகுமாரியின் ஸ்டிக்கர். ஷ்யாம் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து கேளம்பாக்கத்தில் பதினோராவது மாடியில் குடியிருக்கும் ஐ.டி. ஊழியர். அந்த ஒரு காரைப் பார்த்துத்தான் கல்பாக்கத்திலிருந்தும் ஓ.எம்.ஆரிலிருந்தும் ஆட்கள் இரண்டு ஆரஞ்சு ஜூஸ் கடைகளைத் தாண்டி, வழி கேட்டு, கருங்குழிவரைக்கும் வந்தார்கள். அந்த ஸ்டிக்கர்தான் விஜயகுமாரியின் போர்டு, விளம்பரம், முகவரி எல்லாம்.

விஜயகுமாரி பிறந்தது மதுராந்தகம் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் இஞ்சின் சோதனைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தார். கம்பெனி பஸ் ஓட்டிய ரமேஷைக் கல்யாணம் செய்துகொண்டதும் அந்தப் பாதையில்தான். பஸ் தினமும் கருங்குழியில் மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றதை மற்ற பயணிகள் ஆறு மாதம் கழித்தே கண்டுபிடித்தார்கள்.

சோதனைப் பிரிவில் அவருக்குப் பக்கத்து மேசை பிரவின்குமார். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு வருடம் பிரவின்குமாருக்குச் சிறந்த ஊழியர் என்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரம் எந்த வருடம் கொடுக்கப்பட்டது, என்ன நிறம், வினாடி முள் இருந்ததா இல்லையா என்பதை விஜயகுமாரி இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் பொறாமைப்படாத விஷயங்கள் உலகத்தில் இரண்டே இரண்டு: நகை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண். மீதி எல்லாவற்றுக்கும் அவரிடம் தாராளமாக இடம் இருந்தது. அதில் பெரும்பகுதியைப் பிரவின்குமாரே வாடகை கொடுக்காமல் ஆக்கிரமித்திருந்தார்.

வேலையை விட்டதும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கடை போட்டார்கள். இவர் தகரக் கொட்டகை. அவர் கேளம்பாக்கத்தில் ஏ.சி. போட்ட கண்ணாடி அறை. உள்ளே காப்பி இயந்திரம்கூட உண்டு. ஒரு தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போன விஜயகுமாரி அந்தக் காப்பி இயந்திரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ரமேஷிடம் நல்ல காப்பியே போடத் தெரியவில்லை என்று சண்டை பிடித்தார்.

இஞ்சினுக்கு ட்யூன் செய்வது என்றால் என்ன? எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எத்தனை பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதை இஞ்சினின் மூளைக்குச் சொல்லிக்கொடுப்பது. பதினாறுக்குப் பதினாறு, இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஷ்யாம் வண்டி ஓட்ட, பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கருங்குழிக்கும் படாளத்துக்கும் நடுவே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்து விஜயகுமாரி அந்த எண்களைப் போட்டிருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அது டீக்கடை பிஸ்கட் நிறத்துக்கு வருகிறவரைக்கும் விடமாட்டார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஷ்யாம் அந்த ஜென்னைக் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் ஒரு சிறிய இரும்பு வளையம். சைலன்சர் பைப்பில் ஓட்டை போட்டு இதை வெல்டிங் வைத்துத் தர வேண்டும், இதில் ஒரு சென்சார் உட்காரும் என்றார். அந்தச் சென்சார் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறையவா என்று ஒரு புதுப் பெட்டிக்குச் சொல்லுமாம். பெட்டி தானே கற்றுக்கொண்டு தானே எண்களைப் போட்டுக்கொள்ளுமாம். லேப்டாப் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மடி வேண்டாம். பெட்டியை மறுநாள் மாட்டப்போகிறவர் பிரவின்குமார். அவர் கண்ணாடி அறையில் வெல்டிங் வைத்தால் சுவர் கறுத்துவிடும் என்பதால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் இங்கே அனுப்பியிருக்கிறார்.

விஜயகுமாரி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் நாலு ஞாயித்துக்கெழம குந்திகினு போட்ட நம்பரு. உன் பொட்டிக்கு எத்தினி நாளு ஆவும்?”

“நாலு நாள் போதும்னு பிரவின் சார் சொன்னாருங்கக்கா. நான் சும்மா ஆபீசுக்குப் போய்ட்டு வந்தா போதுமாம், அதுவே கத்துக்கும்.”

“நடுவுல டீ எதுனா குடிக்குமா?”

ஷ்யாம் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரைப்போன்ற நல்லவர்கள்தான் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோப்பில் கர்ச்சீப் வெள்ளையாக வந்தால் பிரவின் சார் தன் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளட்டும், அதுவரைக்கும் அக்கா ஸ்டிக்கரே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். தான் ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

வெல்டிங்கை விஜயகுமாரி ஒழுங்காகத்தான் வைத்தார். எதிரியின் பெட்டிக்கு மூக்கு வைக்கிற வேலைதான் என்றாலும், கோணலாக வைக்க அவருக்குக் கை வராது. வைத்து முடித்து, காருக்கு அடியில் படுத்தபடியே, அந்த மூக்குக்கு ஒரு முழம் முன்னால் இருந்த பைப் இணைப்பைப் பார்த்தார். இரண்டு நட்டுகள். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்து ஒவ்வொன்றையும் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார்.

இதில் இருக்கிற விஷமம் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே புரியும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று பைப்புக்குள் இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து மோந்துவிட்டு, ஐயையோ பெட்ரோல் போதவில்லையே என்று பெட்டியிடம் சொல்லும். பெட்டி பாவம், சொன்னதை நம்பும். இன்னும் ஊற்றும். மறுபடி காற்று, மறுபடி ஊற்று. நாலு நாளில் இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்களையும் அது தப்புத் தப்பாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும். அதிலும் ஷ்யாம் தினமும் போய்வருவது கேளம்பாக்கம் ஜங்ஷன் வழியாக. ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊர்ந்துபோகிற அந்த மெதுவான ஓட்டத்தில்தான் காற்று அதிகம் உள்ளே வரும். விஜயகுமாரி அதையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் வழக்கத்துக்கு மாறாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்ததாக ரமேஷ் சொல்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தபோது விஜயகுமாரியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. நட்டுச் சமாச்சாரத்தை முழுக்கச் சொன்னார். நாளைக்குத் தோப்பில் துணி கரியாக வரும், பெட்டி மானம் போகும், பிரவின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றார். ரமேஷ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“ஏம்மே, புகை வரும்ன்றியே, அந்த வண்டி கண்ணாடில யாரு பேரு கீது?”

விஜயகுமாரி எழுந்து நின்றுவிட்டார். அவர் பேர்தான் இருக்கிறது. துணி வெள்ளையாக வந்தால்தான் ஸ்டிக்கர் மாறும்; கறுத்தால் இருக்கிற ஸ்டிக்கர் இருந்தபடியே இருக்கும். கறுத்த துணி, மேலே விஜயகுமாரி என்று ஆரஞ்சு எழுத்தில் ஸ்டிக்கர். தோப்பில் இருக்கிற முப்பது கேமராவும் அதைத்தான் பிடிக்கும். எதிரியை விழ வைக்கக் குழி தோண்டிவிட்டு அதில் தன் பெயர்ப்பலகையை நட்டு வைத்திருந்தார்.

உடனே ஷ்யாமுக்குப் போன் போட்டார். வெல்டிங்கை ஒரு தடவை பார்க்க வேண்டும், காலையில் கொண்டுவா என்றார். எதற்கு அக்கா சிரமம், பெட்டி தொண்ணூற்றேழு சதவீதம் கற்றுவிட்டதாகப் போனிலேயே காட்டுகிறது, நேரே தோப்புக்குப் போய்விடுகிறேன் என்று ஷ்யாம் மகிழ்ச்சியாகச் சொன்னார். விஜயகுமாரி ஸ்பானரைக் கைப்பைக்குள் போட்டார்.

ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேரும் அவர்களுடைய பழைய ஆம்னி வேனில் கிளம்பினார்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனார்கள். ரமேஷ்தான் ஓட்டினார். கம்பெனி பஸ் பழக்கத்தில் ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. விஜயகுமாரி வழி முழுக்கக் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காமல் காருக்கு அடியில் போய் இரண்டு நட்டையும் முறுக்கிவிட்டால் பத்து நிமிட ஓட்டத்தில் பெட்டி தன்னைத் திருத்திக்கொள்ளும். துணி வெள்ளையாக வரும். அப்படி வந்தால் ஸ்டிக்கர் போகும். முறுக்காவிட்டால் ஸ்டிக்கர் இருக்கும், மானம் போகும். திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரைக்கும் அவர் இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

தோப்பில் முதலில் கண்ணில் பட்டதே அந்த ஜென்னின் பின்கண்ணாடிதான். இடது மூலையில் வெள்ளி நிறத்தில் புது ஸ்டிக்கர் பளபளத்தது. பிரவின்குமாருடையது. அவருக்குத் தன் பெட்டிமேல் அவ்வளவு நம்பிக்கை. சோதனைவரைக்கும் காத்திருக்காமல் சனிக்கிழமையே ஒட்டிவிட்டார். பக்கத்தில் ஆரஞ்சு ஸ்டிக்கரைச் சுரண்டிய பசை மட்டும் தூசி படிந்து நின்றது.

விஜயகுமாரி முதலில் அந்தப் பசையை விரலால் தொட்டுப் பார்த்தார். கேட்காமல், கொள்ளாமல், பிளேடு வைத்துச் சுரண்டியிருக்கிறான். அடுத்த மூச்சிலேயே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. புகை இனிமேல் யார் பெயரில் வரப்போகிறது? கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். நாலு இட்லி வாங்கிக்கொண்டு, ஜென்னின் சைலன்சர் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு சவுக்குக் கட்டையில் உட்கார்ந்தார். இரண்டாவது சட்னியும் கேட்டு வாங்கினார்.

ஷ்யாமின் முறை வந்தது. இஞ்சின் சூடானது. ஒருவர் கர்ச்சீப்பைப் பிடித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் துணியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அடுப்புக் கரியைத் துடைத்த துணிபோல் இருந்தது. தோப்பு முழுக்கப் பெட்ரோல் வாடை. பிரவின்குமார் போனைப் பார்த்தார். பெட்ரோல் போதவில்லை, இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பெட்டி பணிவாகச் சொன்னது. அணைத்து மறுபடி போட்டார். அதே பதில். இருபத்திரண்டு மாத வெள்ளைத் துணி கறுத்ததைச் சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள். ஷ்யாம் முகம் செத்துப்போயிருந்தது. விஜயகுமாரி இட்லியை ரசித்து மென்றார். சுவர்க்கடிகாரத்துக்கு அன்றைக்குத்தான் வட்டியோடு பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிரவின்குமார் விடவில்லை. முப்பது பேர் பார்க்கிறார்கள். பெட்டியைக் காப்பாற்ற வேண்டும். போனை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு ஷ்யாமின் தோளில் கைவைத்தார்.

“பொட்டி மேல தப்பு இல்ல ஷ்யாம். இஞ்சினு போய்ட்ச்சி. ரிங்கு தேஞ்சி ஆயிலு மேல ஏறுது. கட்டுன ஆளு சரியா கட்டல.”

அந்த இஞ்சினைக் கட்டியவர் விஜயகுமாரி. ஒவ்வொரு பிஸ்டன் ரிங்கின் இடைவெளியையும் நான்கு தடவை அளந்து, ஐந்தாவது தடவை ரமேஷை எழுப்பி டார்ச் பிடிக்கச் சொல்லி அளந்தவர். இட்லித் தட்டைக் கட்டைமேல் வைத்தார். ரமேஷ் அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை.

“பிரவினு, அந்தத் துணிய மோந்து பாரு. ஆயிலு எரிஞ்சா புகை நீலமா வரும். இது கறுப்பு, பெட்ரோலு. பன்னெண்டு வருஷம் பக்கத்துல குந்திகினு இது கூடவா தெரியாம பூட்ச்சி?”

“அப்போ பொட்டி ஏன் பத்தலன்னுது?”

“மூக்குக்கு முன்னால ரெண்டு நட்டு லூசு. காத்து பூந்துகினு கீது.” கொஞ்சம் நின்று மீதியையும் சொன்னார். “லூசு பண்ணது நான்தான். இஞ்சின சொல்லாத.”

தோப்பில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். ஷ்யாம் கோபப்படக்கூடத் தெரியாமல், ஏன் அக்கா என்று கேட்டார்.

“பொறாமதான். வேற இன்னா.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் மன்னிப்பும் இல்லை, கூச்சமும் இல்லை. ரத்த வகையைக் கேட்டால் சொல்வதுபோல் சொன்னார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரமேஷ் விரித்த செய்தித்தாளில் படுத்து உள்ளே போனார். சூடான பைப் முழங்கையில் பட்டது. இரண்டு நட்டு, ஒன்றரைச் சுற்று. வெளியே வந்து, சதுரங்கப்பட்டினம்வரைக்கும் ஓட்டிவிட்டு வா என்று ஷ்யாமை அனுப்பினார்.

திரும்பி வந்த ஜென்னுக்குப் பிடிக்க வெள்ளைத் துணி மீதி இல்லை. பிரவின்குமார் தன் சட்டைப்பையிலிருந்து மடிப்புக் கலையாத கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நிமிடம். வெறும் ஈரம்.

தோப்பே கைதட்டியது. விஜயகுமாரி ஒரு கணம் தனக்கென்று நினைத்து நிமிர்ந்தார். கைதட்டல் பெட்டிக்கு. நாலு நாள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தும் ஒரே ஓட்டத்தில் தன்னைத்தானே திருத்திக்கொண்டதே, இப்படியும் ஒரு பெட்டியா என்று பேசிக்கொண்டார்கள். அங்கேயே இரண்டு பேர் பிரவின்குமாரிடம் போன் நம்பர் வாங்கினார்கள். இஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை. அது வெள்ளைத் துணியிலேயே இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். போகும்போது பிரவின்குமார் ஆம்னியின் ஜன்னலில் குனிந்து, ரிங் விஷயத்தில் வாய் தவறிவிட்டது என்று முணுமுணுத்தார். விஜயகுமாரி அந்த இருபத்துமூன்றாவது கர்ச்சீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது இன்னும் சுவருக்கு ஏறவில்லை.

இப்போது பிரவின்குமாரின் கடைக் காணொளியில் முதல் வரியே, வேண்டாதவர்கள் நட்டைக் கழற்றினாலும் நம் பெட்டி கலங்காது என்பதுதான். விஜயகுமாரி அதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்க்கிறார். பார்த்தவர் எண்ணிக்கையில் அவர் பங்கும் கணிசம்.

அவர் கொட்டகைக்கு வருகிற கூட்டம் குறையவில்லை. பெட்டி மாட்டியவர்கள் எல்லாரும், மாட்டிய மறுநாளே, யாராவது நட்டைத் தளர்த்தியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி அவரிடமே வருகிறார்கள். அந்த வேலையை அவரைவிடத் தெரிந்தவர் யார்?

மூன்று வாரத்துக்கு முன்னால் ரமேஷ் தன் பெயரில் பிரவின்குமார் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிவந்தார். ஆம்னிக்கு என்றார். பிரவின்குமார் எதையும் கேட்காமல் வெள்ளி ஸ்டிக்கர் ஒன்றையும் சேர்த்து வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஸ்டிக்கர் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. பெட்டி ஆம்னியில் ஏறிவிட்டது. அதற்கு மூக்கு வைத்ததும் விஜயகுமாரிதான். இந்தத் தடவை நட்டுகளை இரண்டு முறை முறுக்கினார்.

தினமும் காலையில் அவர் தன்னுடைய எண்களைப் பெட்டிக்குள் போட்டு, படாளம்வரைக்கும் ஓட்டிவிட்டு வருகிறார். இருநூற்று ஐம்பத்தைந்து கட்டங்களில் பெட்டி அவர் எண்ணைத் தொடுவதில்லை. நிமிடத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று வேகத்தில், பாதி மிதியில், ஒரே ஒரு கட்டத்தை மட்டும் ஒன்று குறைத்துவிடுகிறது. இவர் மறுபடி ஏற்றுகிறார். மறுநாள் அது மறுபடி குறைக்கிறது. பிளக் டீக்கடை பிஸ்கட் நிறத்தில்தான் இருக்கிறது, யார் சொல்வது சரி என்று பிளக்கைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. ரமேஷ் ஒரு நாள், போனால் போகிறது, ஒன்றுதானே, விட்டுக்கொடேன் என்று கேட்டிருக்கிறார்.

“நான் எதுக்கு உடணும்?” என்றாராம் விஜயகுமாரி. “மொதல்ல அது உடட்டும்.”